முதுகெலும்பு தந்தது யார்?

சென்ற வாரம் ஒரு விழாவுக்குச் சென்றிருந்தேன். திரைத்துறையில் காலடி எடுத்து வைக்கத் துடிக்கும் இளைஞர்களைப் பாராட்டும் விழா. மேடை நிறைய மாலைகள், மாலைகளுக்குமேல் சால்வைகள், சால்வைகளுக்குமேல் சொற்பொழிவுகள்! நாலு நாடகம் எழுதியவன், நாற்பது ஊர் மேடை ஏறியவன் என்பதற்காக என்னையும் அழைத்திருந்தனர். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டு இறங்கியவன், பட்டம் பெற்றோருக்குப் பரிசு வழங்கினேன். கண்டவர்கள் தமக்குள் சிரித்திருக்கலாம், நானும் சிரித்துக்கொண்டேன்.

மேடையின் ஓரத்திலே ஓர் இளைஞர் நின்றிருந்தார். குறும்படம் ஒன்று எடுத்து முடித்தவர். பெரும்படம் ஒன்று எடுக்கத் தொடங்கி முடிக்க முடியாதவர். பணம் போட்டவர் பாதி வழியில் கையை உதறிவிட்டார். அன்னையின் நகை அடகுக் கடையிலே. எடுத்த வரையிலான படம் பெட்டியிலே. அந்த இளைஞரின் முகம் தரையிலே.

தலைமை தாங்கிய பெரியவர் — பெயர் வேண்டாம், பெரிய இடத்தவர் — அவரைத் தட்டிக்கொடுத்துச் சொன்னார்: "ஆப்பிரிக்காவிலே உஸ்மான் செம்பேன் என்று ஒருவர் இருந்தார். கப்பல் கூலி. மூட்டை தூக்கும்போது முதுகு முறிந்தது. முதுகுதான் முறிந்தது, மனம் முறியவில்லை! உலகம் போற்றும் இயக்குநர் ஆனார். வீழ்ச்சிதான் வெற்றியின் வித்து. நீயும் எழுவாய்!" கைதட்டல் ஓய்ந்ததும் அடுத்து ஒன்று சொன்னார்: "ஆனால் ஒன்று. கலையிலே அரசியலைக் கலந்துவிடாதே. பாலிலே உப்பு விழுந்தால் திரிந்துபோகும்." மறுபடியும் கைதட்டல்.

நான் கைதட்டவில்லை, நண்பர்களே! கை வலியன்று, கருத்து வலி. செம்பேன் பெயரைச் சொல்லி அரசியலை விலக்கு என்பது, கடலைச் சுட்டிக்காட்டி உப்பை விலக்கு என்பதற்கு ஒப்பாகும். பெரியவர் அறியாமல் பேசினாரா, அறிந்தே பேசினாரா, அது அவருக்கே வெளிச்சம். ஆனால் அந்த வரலாறு எனக்குத் தெரியும். தெரிந்ததை மறைப்பது தவறு என்பதால் எழுதுகிறேன்.

மேற்கு ஆப்பிரிக்காவிலே செனகல் நாடு. அதன் தென்பகுதியிலே காசமான்ஸ். அங்கே சிகின்ஷோர் என்னும் ஊர். 1923-ல், மீனவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் செம்பேன். ஆண்டது பிரெஞ்சு ஏகாதிபத்தியம். பள்ளித் தலைமை ஆசிரியரோடு ஏற்பட்ட மோதலில் படிப்பு முடிந்தது. பதின்மூன்று, பதினான்கு வயதுக்குள் புத்தகப் பை கழன்றது. தந்தையின் தொழிலாவது கைகொடுக்குமா என்றால், கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. படகு ஆடினால் குடல் ஆடியது! தலைநகர் டாக்கருக்கு வந்தார். கொத்துவேலை செய்தார், பட்டறையிலே வேலை செய்தார். 1944-ல் பிரெஞ்சுப் படையிலே சேர்க்கப்பட்டார், லாரி ஓட்டினார். சுதந்தரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று கொடியிலே எழுதியவனுக்காகத் துப்பாக்கி ஏந்தினார்கள் ஆப்பிரிக்க இளைஞர்கள். போர் முடிந்தது, திரும்பி வந்தார்கள். சுதந்தரம் அவர்களுக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்திருக்கவில்லை.

1947 அக்டோபரில் டாக்கர் - நைஜர் ரயில் பாதைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வெள்ளைத் தொழிலாளிக்கு உள்ள உரிமை கறுப்புத் தொழிலாளிக்கும் வேண்டும் என்பதே கோரிக்கை. ஐந்து மாதங்களுக்கு மேல், 1948 மார்ச்சு வரை, ரயில் ஓடவில்லை, அடுப்பு எரியவில்லை, ஆயினும் அவர்கள் அசையவில்லை. அந்த அனலுக்கு அருகே இருந்தவர் செம்பேன். அந்த நாட்களை ஒட்டித்தான், கப்பலிலே ஒளிந்து பிரான்சுக்குப் போனார். பாரிசில் மோட்டார்த் தொழிற்சாலையிலே சில காலம். பிறகு மார்செய் துறைமுகம், தோளிலே மூட்டை.

1951. கப்பலிலிருந்து சரக்கு இறக்கும்போது விபத்து. முதுகெலும்பு முறிந்தது. பல மாதம் படுக்கை. இங்கேதான் பெரியவரின் கதை கண்ணீர் விட்டுக் கைதட்டல் வாங்குகிறது. நான் இங்கேயே நிறுத்தி ஒரு கேள்வி கேட்கிறேன்.

உலகத் துறைமுகங்களிலே முதுகு முறிந்த கூலி செம்பேன் ஒருவர்தானா? அந்த ஆண்டிலே, அந்தத் துறைமுகத்திலேயே எத்தனை கை ஒடிந்திருக்கும், எத்தனை கால் நசுங்கியிருக்கும்! வீழ்ச்சிதான் வித்து என்றால், அந்த வித்துகள் எல்லாம் ஏன் முளைக்கவில்லை? மார்செய் துறைமுகம் முழுவதும் அன்றோ நாவலாசிரியர்களாலும் இயக்குநர்களாலும் நிரம்பி வழிந்திருக்க வேண்டும்! முதுகு முறிந்தவன் பிச்சை எடுத்தான். முதுகு முறிந்தவன் குடித்துச் செத்தான். முதுகு முறிந்தவன் பெயர் தெரியாமல் புதைந்தான். அதுதான் பெரும்பாலோர் கதை. அந்தக் கதையைச் சொன்னால் சால்வை கிடைக்காது.

செம்பேன் விழுந்தபோது தாங்கியது எது? தொழிற்சங்கம்! பிரான்சின் பொதுத் தொழிலாளர் சம்மேளனம். விபத்துக்கு முன்பே அவர் அதிலே உறுப்பினர். பொதுவுடைமைக் கட்சியிலும் சேர்ந்தவர். வியட்நாம் மக்களை நசுக்கப் பிரெஞ்சு அரசு ஆயுதம் அனுப்பியபோது, மார்செய்த் துறைமுகத் தொழிலாளர் அதை ஏற்ற மறுத்தனர். கூலி போனாலும் போகட்டும், கொலைக்கருவி எம் தோளிலே ஏறாது என்றனர். அந்தப் போராட்டத்திலே தோள் கொடுத்தவர்களுள் செம்பேனும் ஒருவர். விபத்துக்குப் பிறகு, பாரம் தூக்காத இலேசான வேலை ஒன்று அவருக்குக் கிடைத்தது. நேரம் கிடைத்தது. சங்கத்தின் நூலகக் கதவு திறந்திருந்தது.

அந்த நூலகத்தை எண்ணிப் பாருங்கள்! மூட்டை தூக்குவோருக்காக மூட்டை தூக்குவோர் தந்த காசில் நடந்த நூலகம். பள்ளி துரத்திய பையன், முப்பது வயதை நெருங்கும்போது அங்கே அமர்ந்து படித்தான். ஜமைக்காவிலே பிறந்த கிளாட் மெக்கே, இதே மார்செய்த் துறைமுகத்தின் கறுப்பு மனிதர்களை வைத்து 1929-ல் நாவல் எழுதியிருந்தார். ஹெயிட்டியின் ழாக் ரூமேன், தண்ணீருக்காகப் பிளவுபட்ட கிராமத்தை ஒன்று சேர்க்கும் உழவனைப் பற்றி எழுதியிருந்தார். நம்மைப் போன்றவனும் நூலுக்குள் வரலாமா, நாயகனாகவே வரலாமா என்று வியந்திருப்பார் அந்தக் கூலி. எனக்கும் ஒரு காலம் இருந்தது — கல்லூரிக் கட்டணம் கட்ட வழியின்றி வெளியேறி, படிப்பகம் ஒன்றின் பெஞ்சிலே உட்கார்ந்து, பிறர் வாசித்து மடித்துவைத்த செய்தித்தாளை எழுத்தெழுத்தாக மேய்ந்த காலம். கல்லூரி என்னைக் கைவிட்டதால் நான் எழுத்தாளன் ஆனேன் என்று எவரேனும் எழுதினால் வழக்குத் தொடுப்பேன்! அந்தப் பெஞ்சு இல்லாவிட்டால் இந்தப் பேனா இல்லை.

1956-ல் செம்பேனின் முதல் நாவல் வந்தது: 'கறுப்புத் துறைமுகத் தொழிலாளி'. கூலி ஒருவன் நாவல் எழுதுகிறான். வெள்ளைக்கார எழுத்தாளர் ஒருவர் அதைத் தம் பெயரில் வெளியிட்டுவிடுகிறார் என்பதே கதை. 1960-ல் 'கடவுளின் மரத்துண்டுகள்'. அந்த ரயில் வேலைநிறுத்தமே அதன் களம். நாயகன் தனியொருவன் அல்லன், நகரங்களே நாயகர்கள். தண்ணீர்க் குடம் ஏந்தியும் தடியடி ஏற்றும் நடந்த பெண்களே நாயகியர். புகழ் வந்தது. பாரிசிலே பாராட்டு வந்தது.

பெரியவரின் கதை இங்கே முடிகிறது. உண்மைக் கதை இங்கேதான் தொடங்குகிறது. ஏனெனில் செம்பேன் கண்ட பெரிய தோல்வி முதுகு முறிந்த தோல்வி அன்று, புகழ் வந்தபோது கண்ட தோல்வி! 1960-ல் செனகல் விடுதலை அடைந்தது. நாடு திரும்பி ஊர் ஊராகச் சுற்றினார். யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களிடையே நடந்தார். அவர்களுள் பெரும்பாலோருக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது. ரயில் தொழிலாளியின் வரலாற்றை ரயில் தொழிலாளி படிக்க முடியாது. நீர்க்குடம் ஏந்திய பெண்ணின் வீரத்தை அந்தப் பெண்ணின் மகள் படிக்க முடியாது. படித்தவர் யார்? யாரை எதிர்த்து எழுதினாரோ அவர்களும், அவர்கள் கல்லூரிகளிலே படித்தோரும்! மாலை எல்லாம் தம் கழுத்திலே, மக்கள் கையிலோ வெறுமை.

வேறொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? மக்கள் பாமரர், என் எழுத்து அவர்களுக்கு எட்டாது என்று பெருமூச்சு விட்டுப் பாரிசிலேயே பேனாவோடு குடியிருந்திருப்பார். செம்பேன் பேனாவுக்குப் பக்கத்திலே காமிராவை வைத்தார். 1962-ல், 39 வயதில், மாஸ்கோவிலே கார்க்கி படப்பிடிப்பு நிலையத்தில் மாணவராகச் சேர்ந்தார். கார்க்கியின் வாழ்க்கையை மூன்று படங்களாக எடுத்த மார்க் டான்ஸ்காயிடம் தொழில் கற்றார். மூன்று நாவல் எழுதிய ஆசிரியர், விளக்கு எங்கே வைப்பது, பிலிம் எப்படிச் செருகுவது என்று அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார்.

கலையிலே அரசியல் வேண்டாம் என்கிறாரே பெரியவர், அவருக்கு ஒரு சேதி. ஆப்பிரிக்கன் காமிரா தூக்குவதை முதலிலே அரசியல் ஆக்கியவர் செம்பேன் அல்லர், பிரெஞ்சு அரசு! 1934-ல் குடியேற்ற நாட்டு அமைச்சர் பியர் லவாலின் பெயரால் ஓர் ஆணை வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவிலே படம் எடுக்க வேண்டுமா? ஆளுநரிடம் அனுமதி பெற வேண்டும். கதையைக் காட்ட வேண்டும். எடுப்பவன் யாரென்று சொல்ல வேண்டும். ஆண்ட காலம் வரையில் ஆப்பிரிக்கனின் கண்ணுக்கு முன்னே பூட்டுப் போட்டுவைத்தார்கள். 1955-ல் ஆப்பிரிக்க மாணவர் சிலர் படம் எடுக்க முனைந்தபோது, தாயகத்திலே இடமின்றிப் பாரிசின் தெருக்களிலே எடுக்க வேண்டியதாயிற்று. ஆண்டவனுக்குத் தெரிந்திருந்தது காமிராவின் வலிமை. நம் பெரியவருக்குத்தான் அது பால் காய்ச்சும் பாத்திரமாகத் தோன்றுகிறது!

1963-ல் வந்தது 'போரோம் சாரெட்' — வண்டிக்காரன். ஏறத்தாழ இருபது நிமிடம். கறுப்பு ஆப்பிரிக்கர் ஒருவர் ஆப்பிரிக்க மண்ணிலே எடுத்த முதல் படம் என்று பரவலாகப் போற்றப்படுவது. டாக்கரில் ஒரு குதிரை வண்டிக்காரன். ஏறுகிறவர்கள் எல்லாரும் காசு தருவதில்லை. முன்னோர் பெருமையைப் பாடிய பாணன் ஒருவனுக்குக் கிடைத்த காசையும் கொடுத்துவிடுகிறான். பழம்பெருமை கேட்ட மகிழ்ச்சி முகத்திலே. பசித்த பிள்ளை வீட்டிலே! இறந்த குழந்தையைக் கையில் ஏந்திய தந்தை ஒருவனை இடுகாட்டுக்குக் கொண்டுபோகிறான். தாள் சரியில்லை என்று வாசலிலே தடுக்கிறார்கள். பிறகு கோட்டு அணிந்த ஒருவன், மேட்டுக்குடியினர் வாழும் பகுதிக்குப் போகச் சொல்கிறான். வண்டிகளுக்கு அங்கே தடை. போலீசுக்காரன் பிடிக்கிறான். வண்டிக்காரனின் போர்ப்பதக்கம் கீழே விழுகிறது. அதன்மேல் போலீசுக்காரனின் காலணி. வண்டி பறிபோகிறது. குதிரையோடு வீடு வந்தவனிடம் மனைவி குழந்தையைக் கொடுத்துவிட்டு வெளியே போகிறாள். இன்றிரவு சாப்பாடு உண்டு என்று சொல்லிவிட்டு. எங்கே போகிறாள்? படம் சொல்லாது. சொல்லத் தேவையும் இல்லை.

போலீசுக்காரன் வெள்ளையன் அல்லன் என்பதைக் கவனியுங்கள்! விடுதலை வந்து மூன்று ஆண்டுகள். கொடி மாறியது, காலணி மாறவில்லை. ஊரார் கொண்டாட்டத்திலே இருக்கும்போது அதைச் சொல்வதற்கு முதுகெலும்பு வேண்டும்.

1966-ல் 'கறுப்புப் பெண்'. பிரெஞ்சுக் குடும்பம் ஒன்று டாக்கரிலிருந்து டியூவானா என்ற பெண்ணைப் பிரான்சுக்கு அழைத்துப்போகிறது. குழந்தை பார்க்கும் வேலை என்றார்கள், அடுப்படியிலே அடைத்தார்கள். கடலோர நகரத்தில் இருந்தும் அவள் கண்டது சமையலறைச் சுவரைத்தான். முடிவிலே குளியல் தொட்டியில் உயிரை விடுகிறாள். செய்தித்தாளில் வந்த உண்மை நிகழ்ச்சி ஒன்றை ஒட்டிய கதை. அங்கே அது சில வரிச் செய்தி. அவள் வீட்டாருக்கு அன்பளிப்பாகத் தந்த ஆப்பிரிக்க முகமூடி, எசமானன் திரும்பிக் கொண்டுவந்து தரும்போது ஒரு சிறுவன் முகத்திலே ஏறுகிறது. எசமானன் நடக்க நடக்க, முகமூடியும் பின்னாலேயே நடக்கிறது. அதைவிட நீண்ட வழக்குரை ஒன்றை எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது.

ஆனால் டியூவானா திரையிலே பிரெஞ்சில் நினைக்கிறாள்! எழுத்தறியாத அந்தப் பெண்ணின் நெஞ்சுக்குள்ளேயும் எசமானனின் மொழி. அந்த முள் செம்பேனையும் உறுத்தியது. 1968-ல் 'மண்டாபி' — மணியார்டர் — வந்தது. வொலோஃப் மொழியிலே! ஆப்பிரிக்க மொழி ஒன்றில் பேசிய முதல் முழுநீளப் படம் என்று போற்றப்படுவது. முதலீட்டின் நிபந்தனைக்காகப் பிரெஞ்சு வடிவமும் சேர்த்தே எடுத்தார். கதை என்ன? பாரிசிலே தெருக் கூட்டும் மருமகன் 25,000 பிராங்கு அனுப்புகிறான். அஞ்சலகத்தில் வாங்க அடையாளச் சீட்டு வேண்டும். அடையாளச் சீட்டுக்குப் பிறப்புச் சான்று வேண்டும். பிறப்புச் சான்றுக்குத் தேதி வேண்டும். தேதி தெரியாதவன் கிழவன்! படம் முழுவதும் அலைகிறான். பணம் கைக்கு வருமுன்னே கடன்காரரும் உறவினரும் வாசலிலே. இறுதியில் படித்த உறவினன் ஒருவன் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தை விழுங்கிவிடுகிறான். சிரித்துக்கொண்டே பார்க்கலாம், சிரித்தபின் தூக்கம் வராது. சான்றிதழ் அலுவலக வாசலில் நின்ற எவனுக்கும் இதற்கு உரை தேவையில்லை.

மொழி என்றதும் இன்னொன்று. 1977-ல் 'செட்டோ' என்ற படம் எடுத்தார். மதமும் அடிமை வாணிகமும் அரியணையும் ஒரே கிராமத்தைப் பங்கு போடும் கதை. செனகல் அரசு தடை விதித்தது. காரணம் என்ன சொன்னார்கள் தெரியுமா? பெயரிலே ஓர் எழுத்து மிகையாம்! அரசின் எழுத்துமுறைப்படி ஒற்றை எழுத்தாக இருக்க வேண்டியதைச் செம்பேன் இரட்டித்துவிட்டாராம்! அன்றைய குடியரசுத் தலைவர் லெயோபோல்ட் செங்கோர் சாதாரண மனிதர் அல்லர். பிரெஞ்சு மொழியிலே பெருங்கவிஞர். ஒரு கவிஞரின் ஆட்சி, ஓர் எழுத்தைக் காட்டி ஒரு படத்தைச் சிறையிலே வைத்தது. எழுத்தா அவர்களைக் கடித்தது? ஆனாலும் அந்த எழுத்தை எடுக்கச் செம்பேன் இசையவில்லை. செங்கோர் பதவி விட்டு இறங்கிய பின்புதான் படம் சொந்த நாட்டிலே வெளிச்சம் கண்டது. வொலோஃப் மொழியிலே 'கத்து' என்ற இதழை மொழியறிஞர் பத்தே தியாஞ்ஞோடு சேர்ந்து எழுபதுகளின் தொடக்கத்தில் நடத்தியவர் அவர். எழுத்து யாருடையது என்பதிலே விட்டுக்கொடுப்பாரா?

பிரெஞ்சு அரசோ மௌனத்தைக் கையாண்டது. 1944 டிசம்பர் 1. டாக்கருக்கு அருகே தியாரோய் முகாம். பிரான்சுக்காகப் போரிட்டு, ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு மீண்ட ஆப்பிரிக்க வீரர்கள், சேர வேண்டிய சம்பளத்தைக் கேட்டனர். துப்பாக்கிக் குண்டு விடை சொன்னது. இறந்தோர் எண்ணிக்கையை இன்றளவும் முடிவு செய்ய முடியாத வகையில் கணக்கை வைத்திருக்கிறார்கள். செம்பேன், தியர்னோ ஃபாட்டி சோவோடு சேர்ந்து 1988-ல் அதைப் படமாக்கினார். வெனிசு விழாவிலே பரிசு பெற்றது. பிரான்சின் திரையரங்குகளிலோ ஏறத்தாழப் பத்தாண்டு இடமில்லை. 2024 நவம்பரில்தான், எண்பதாம் ஆண்டு நிறைவை ஒட்டி, பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மாக்ரோன் அதைப் படுகொலை என்று கடிதத்திலே ஒப்புக்கொண்டார். கூலியின் காமிரா முப்பத்தாறு ஆண்டு முன்னதாகவே சொல்லியிருந்தது. செம்பேன் 2007-ல் மறைந்துவிட்டார். கடிதத்தைப் படிக்க இல்லை.

எல்லாப் படங்களும் மாணிக்கம் என்று நான் வாதிடவில்லை. சில இடங்களிலே பாத்திரம் வாயை மூடிக்கொள்கிறது; ஆசிரியர் பேசத் தொடங்கிவிடுகிறார். நாடகம் எழுதுகிறவன் ஆதலால் அந்த நோய் எனக்கும் உண்டு; அதன் அறிகுறி நன்றாகத் தெரியும். ஆனால் அது உப்புக் கூடிய குற்றம், உப்பிட்ட குற்றமன்று. 2004-ல், 81 வயதில், பெண்களின் உறுப்பை அறுக்கும் வழக்கத்தை எதிர்த்து 'மூலாதே' எடுத்தார். ஊர்ப் பெரியவர்கள் பெண்களின் வானொலிப் பெட்டிகளைப் பறித்துத் தொழுகைக் கூடத்தின் முன் குவித்துக் கொளுத்துகிறார்கள். அறுவையிலிருந்து சிறுமிகளைக் காத்து நிற்கும் கொல்லே என்ற தாய், ஊர் நடுவிலே சவுக்கடி வாங்கியும் வாக்கை விடவில்லை. அந்தக் காட்சியிலே அரசியலைப் பிரித்தெடுத்துவிட்டுக் கலையை மட்டும் தட்டிலே வைத்துத் தரும் வித்தையைப் பெரியவர் எனக்குக் கற்றுத்தரட்டும். காலமெல்லாம் அவருக்கு மாணவனாக இருக்கிறேன்.

திரையரங்கை மக்களின் இரவுப் பள்ளி என்று கருதியவர் செம்பேன். படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர்களுக்குப் போனார், படம் முடிந்ததும் உட்கார்ந்து பேசினார், திட்டியவர்களிடமும் பேசினார்.

விழா முடிந்தபின் அந்த இளைஞர் என்னிடம் வந்தார். "அண்ணே, இனி எங்கே தொடங்குவது?" என்றார். அவர் எடுத்து முடித்த குறும்படம் எதைப் பற்றியது என்று கேட்டேன். லாரிக்கு மூட்டை ஏற்றும் தொழிலாளர்களைப் பற்றி என்றார்.

"தம்பி, அதை அவர்களுக்குப் போட்டுக் காட்டினாயா?"

"இல்லை அண்ணே. விழாக்களுக்கு அனுப்பினேன்."

வெட்கப்பட்டது அவர் மட்டுமல்லர். சுமை தூக்குவோரைப் பற்றி நான் எழுதிய நாடகமும் நுழைவுச்சீட்டு வைத்த மண்டபங்களிலேதான் நடந்திருக்கிறது. மறுநாள் இருவரும் சேர்ந்து சங்க அலுவலகத்துக்குப் போனோம். செயலாளர், அலுவலகச் சுவருக்கு வெள்ளையடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். படம் காட்டும் கருவி எங்கள் நாடகக் குழுவிடம் உண்டு. அடுத்த ஞாயிறு, கடைசி லாரி கிளம்பிய பிறகு, இரவு ஒன்பது மணிக்குப் படம். நுழைவுச்சீட்டு இல்லை. தலைமை தாங்கிய பெரியவருக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறேன். நாற்காலி இருக்காது, பாய்தான்.